ரியாக்டர் பவரை ஒரு பிஐடி பிடித்து நிறுத்துமா? விரிவாக ஒரு பதில்

முலுண்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார், இன்ஸ்ட்ருமென்டேஷன் கடைசி வருடமாம். பாயின்ட் கைனடிக்ஸ் சமன்பாடுகளை (முழு உலையையும் ஒரே புள்ளியாக வைத்துப் பவர் மாறுவதைச் சொல்பவை) வைத்து சிமுலிங்க் மென்பொருளில் ஒரு அணு உலை மாடல் செய்து, அதற்கு ஒரு பிஐடி (பிழையின் அளவு, அதன் கூட்டுத்தொகை, அது மாறும் வேகம் மூன்றையும் வைத்துத் திருத்தும் கன்ட்ரோலர்) மாட்டியிருக்கிறார். 1% பவரில் அழகாக ட்யூன் ஆகிறது, அதே செட்டிங்கோடு 100%-க்குப் போனால் தாறுமாறாக ஆடுகிறது. நிஜ ரியாக்டரில் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள், ஃபஸ்ஸி, நியூரல் நெட்வொர்க் எல்லாம் தேவைப்படுமா, இந்த ப்ராஜெக்ட் அணுசக்தி நகரில் இருக்கும் பாபா அணு ஆராய்ச்சி மையப் பயிற்சிப் பள்ளியின் இன்டர்வியூவுக்கு உதவுமா என்பதுதான் கேள்வி. நான் ட்ராம்பே பக்கம் இந்த வேலையிலேயே பல வருடம் இருந்தவன், இப்போது செம்பூர்வாசி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

உங்கள் ஆட்டத்துக்குக் காரணம் சுலபமானது. பாயின்ட் கைனடிக்ஸில் ரியாக்டிவிட்டியும் (தொடர்வினை சமநிலையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்ற அளவு) பவரும் ஒன்றோடொன்று பெருக்கலாக வருகின்றன. ஒரே அளவு ரியாக்டிவிட்டியைக் கொடுத்தாலும் பவர் எவ்வளவு வேகமாக ஏறும் என்பது அந்த நேரத்தில் பவர் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 1%-லிருந்து 100%-க்குப் போனபோது உங்கள் லூப்பின் கெயின் (பிழைக்கு எவ்வளவு பெரிதாகப் பதில் வரும் என்ற பெருக்கம்) சத்தமில்லாமல் நூறு மடங்காகிவிட்டது, அவ்வளவுதான். நூறு மடங்கு கெயினில் எந்த பிஐடியும் ஆடும், உங்கள் ட்யூனிங்கில் குற்றமில்லை. நிஜத்தில் நிலைமை இன்னும் மோசம்: ஸ்டார்ட்-அப் நிலையிலிருந்து முழு பவர் வரை பத்து டெகேடுக்கு மேல் ஏற வேண்டும், அதாவது ஆயிரம் கோடி மடங்கு. அதனால் கன்ட்ரோலருக்குப் பவரை அப்படியே கொடுப்பதில்லை, அதன் லாக் மதிப்பைக் கொடுக்கிறோம். லாக் எடுத்ததும் பெருக்கல் கூட்டலாக மாறும், பவர் எங்கே இருந்தாலும் கெயின் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். கனநீர் ரியாக்டர்களின் ரெகுலேட்டிங் சிஸ்டத்தில் (பவரைத் தானாகக் கட்டுப்படுத்தும் அமைப்பில்) காலம்காலமாக இருப்பது இதுதான்: லாக் பவரில் உள்ள பிழையும், லாக் பவர் மாறும் வேகத்தில் உள்ள பிழையும், இரண்டையும் ஒரு விகிதத்தில் கூட்டி ஒரே பிழையாக்கி, அதை வைத்து ராடையோ (நியூட்ரானை விழுங்கும் கட்டுப்பாட்டுத் தண்டு) வால்வையோ ஓட்டுவது.

அதே கையோடு பிஐடியில் இருக்கும் ஐ-யை, அதாவது பிழையைக் கூட்டிக்கொண்டே போகும் இன்டகிரல் பகுதியை, கழற்றிவிடுங்கள். குறைந்த பவரில், வெப்பநிலையின் எதிர்வினை இல்லாத நிலையில், ரியாக்டரே மெதுவான மாற்றங்களுக்கு ஒரு இன்டகிரேட்டர்: கொஞ்சம் ரியாக்டிவிட்டி கொடுத்து விட்டுவிட்டால் ஏறிக்கொண்டே போகும். ராடு டிரைவ் வேகத்தில் ஓடுகிறது என்றால் ராடின் இடம் அந்த வேகத்தின் இன்டகிரல், அது இரண்டாவது. அதன்மேல் நீங்கள் மூன்றாவதை வைத்தால் ஃபேஸ் மார்ஜின் (லூப் ஆடத் தொடங்கும் முன் மீதமிருக்கும் இடைவெளி) எங்கிருந்து வரும்? போடே வரைபடம் போட்டுப் பாருங்கள், கண்ணெதிரே தெரியும். உயர்ந்த பவரில் எரிபொருள் சூடாகி டாப்ளர் விளைவு (சூடான எரிபொருள் அதிக நியூட்ரானை விழுங்குவது) எதிராக இழுப்பதால் நிலைமை தேவலாம், ஆனால் அதை நம்பி குறைந்த பவரில் கண்ணை மூடிக்கொள்ள முடியாது.

சரி, இப்போது தாமத நியூட்ரான்கள். இவை இல்லாவிட்டால் நாம் பேச ஒன்றுமே இல்லை. யுரேனியம்-235 பிளக்கும்போது வரும் நியூட்ரான்களில் 0.65% மட்டும்தான் தாமதமாக வருகின்றன, பிளவுத் துண்டுகள் சிதைந்து அவற்றை வெளியே விடும்வரை, கால் விநாடியிலிருந்து ஒரு நிமிடம் வரை அரைஆயுள் கொண்ட ஆறு குழுக்களாக. கனநீர் ரியாக்டரில் ஒரு உடனடி நியூட்ரானின் வாழ்நாள் ஏறக்குறைய ஒரு மில்லி விநாடி. 1 மில்லி-கே, அதாவது 0.001 கூடுதல் ரியாக்டிவிட்டி கொடுத்தோம் என்று வையுங்கள். உடனடி நியூட்ரான்கள் மட்டும்தான் உலகில் உண்டு என்றால் ஒவ்வொரு விநாடிக்கும் பவர் 2.7 மடங்காகும், பத்து விநாடியில் இருபதாயிரத்தைத் தாண்டும். சாதாரண நீர் ரியாக்டரில் இந்த வாழ்நாள் இன்னும் பல மடங்கு குறைவு, அங்கே கணக்கே போட வேண்டாம். அந்த 0.65% இருப்பதால் அதே 1 மில்லி-கேவுக்குப் பவர் 2.7 மடங்காக ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகிறது. ஒரு மோட்டார், ஒரு வால்வு, ஒரு மனிதர், மூவருக்கும் நேரம் கிடைப்பது இந்தச் சின்னப் பங்கினால்தான். கொடுத்த ரியாக்டிவிட்டி இந்தப் பங்கைத் தொட்டுவிட்டால் தாமத நியூட்ரான்களுக்காகக் காத்திருக்கத் தேவையில்லாமல் தொடர்வினை தானாக ஓடும். அப்புறம் எந்தக் கன்ட்ரோலரும் அதைத் துரத்திப் பிடிக்காது. புளுட்டோனியம்-239-ல் அந்தப் பங்கு 0.21% மட்டுமே என்பதால், பெரும்பாலும் புளுட்டோனியத்தில் ஓடும் வேக ரியாக்டர்களை (நியூட்ரான்களை மெதுவாக்காதவை) வடிவமைப்பவர்களுக்கு இந்த இடைவெளி இன்னும் குறுகல்.

மாடலில் இதைச் சரியாக வைத்திருக்கிறீர்களா என்று பார்க்க எளிய சோதனைகள் உண்டு. தாமதப் பங்கில் பத்தில் ஒரு பங்கு ரியாக்டிவிட்டியைச் சட்டென்று கொடுங்கள். பவர் உடனே ஏறக்குறைய 1.11 மடங்குக்குத் தாவி, அதன்பிறகு மெதுவாக ஏற வேண்டும். பெரிய அளவு எதிர்மறை ரியாக்டிவிட்டி கொடுத்து நிறுத்துங்கள். முதல் வீழ்ச்சிக்குப் பிறகு எவ்வளவு ராடு போட்டாலும் 80 விநாடிப் பீரியடைவிட (பவர் 2.7 மடங்கு மாற எடுக்கும் நேரம்) வேகமாக இறங்கக் கூடாது, ஏனென்றால் மிக மெதுவான குழு (புரோமின்-87, அரைஆயுள் சுமார் 55 விநாடி) அதற்குமேல் விடாது. இவை வரவில்லை என்றால் பெரும்பாலும் தவறு ஆரம்ப மதிப்புகளில் இருக்கும். மாணவர்கள் பலர் ஆறு குழுக்களின் ஆரம்ப அளவைப் பூஜ்யம் என்று விட்டுவிடுகிறார்கள், அப்போது சிமுலேஷன் தொடங்கியதுமே பவர் சரியும், அதைக் கன்ட்ரோலரின் கோளாறு என்று நினைத்து இரண்டு வாரம் கெயினைத் திருகிக்கொண்டிருப்பார்கள். இன்னொன்று, இந்தச் சமன்பாடுகளில் மில்லி விநாடியும் நிமிடமும் சேர்ந்து வருவதால் சிமுலிங்கில் ஓடிஇ45 என்ற கணக்கிடும் முறை திணறும், ஓடிஇ15எஸ் போடுங்கள்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம். நீங்கள் எல்லோரும் அல்கரிதத்திலிருந்து தொடங்குகிறீர்கள். நிஜ வடிவமைப்பு அங்கே தொடங்குவதில்லை. கன்ட்ரோலரின் கையில் எவ்வளவு ரியாக்டிவிட்டியைக் கொடுப்பது, எவ்வளவு வேகத்தில் அதைச் சேர்க்க விடுவது என்பதுதான் முதல் முடிவு, அதை எடுத்தபிறகு உள்ளே பிஐடி இருக்கிறதா வேறெதுவோ இருக்கிறதா என்பது இரண்டாம் பட்சம். 1961 ஜனவரி 3 அன்று அமெரிக்காவின் ஐடஹோவில் எஸ்எல்-1 என்ற சின்ன ராணுவ ரியாக்டரில், நிறுத்தி வைத்திருந்த நிலையில், ஒரே ஒரு நடு ராடைக் கையால் இழுத்ததில் மூன்று பேர் இறந்தார்கள். அங்கே கன்ட்ரோல் லூப்பே ஓடவில்லை. ஒரு ராடுக்கு அவ்வளவு அதிகாரம் இருந்ததுதான் பிழை. ஆகவே ஒற்றை ராடு, ஒற்றை வால்வு எதற்கும் தாமதப் பங்கைத் தாண்டும் அளவு வலு இருக்கக் கூடாது, டிரைவ் மோட்டார் தன் உச்ச வேகத்தில் தவறான திசையில் ஓடினாலும் பாதுகாப்பு அமைப்பு நிதானமாகப் பிடிக்கும்படி வேகம் இருக்க வேண்டும், அந்த வேக வரம்பு மென்பொருளில் இல்லாமல் மோட்டாரிலும் கியரிலும் குழாயின் அளவிலும் இருக்க வேண்டும். மென்பொருளில் வைத்த வரம்பு மென்பொருள் கெட்டால் கூடவே போய்விடும்.

எதை வைத்துப் பவரை நகர்த்துகிறோம் என்பது ரியாக்டருக்கு ரியாக்டர் மாறும். ட்ராம்பேயில் 1985-ல் இயங்கத் தொடங்கிய 100 மெகாவாட் துருவா ஆராய்ச்சி ரியாக்டரில் கனநீரின் மட்டத்தை ஏற்றி இறக்கியே பவரைக் கட்டுப்படுத்துகிறார்கள். நம்ம ஊர்க் கூடங்குளத்தில் ராடோடு நீரில் கரைந்த போரிக் அமிலமும் உண்டு, மெதுவான மாற்றங்களை அது பார்த்துக்கொள்ளும். மும்பைக்கு வடக்கே தாராப்பூரில் இருக்கும் 540 மெகாவாட் ரியாக்டர்களில் கோர் (எரிபொருள் இருக்கும் நடுப்பகுதி) முழுவதும் பரவி 14 அறைகள் உள்ளன, அவற்றுக்குள் சாதாரண நீர் இருக்கும். சுற்றிலும் கனநீர் இருக்கும் இடத்தில் சாதாரண நீர் நியூட்ரானை விழுங்கும், மட்டம் ஏறினால் அங்கே பவர் குறையும், இறங்கினால் கூடும். நீர் ஒரே அளவில் வெளியேறிக்கொண்டிருக்கும், உள்ளே வரும் அளவைத்தான் வால்வு மாற்றுகிறது. இங்கே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: வால்வுக்குக் காற்றோ மின்சாரமோ போய்விட்டால் அது எந்தப் பக்கம் நிற்க வேண்டும்? திறந்து நிற்க வேண்டும், அப்போதுதான் அறை நிரம்பிப் பவர் இறங்கும். ஒவ்வொரு கருவிக்கும் இந்தக் கேள்வியைக் கேட்டு எழுதி வைப்பதே ரெகுலேட்டிங் சிஸ்டம் வடிவமைப்பில் பாதி வேலை.

சென்சார் விஷயத்தைப் பாடப்புத்தகங்கள் ஒரு வரியில் முடித்துவிடுகின்றன, நடைமுறையில் நேரம் அதிகம் தின்பது அதுதான். கோருக்கு வெளியே இருக்கும் அயன் சேம்பர் (நியூட்ரான்களை அளக்கும் கருவி) மின்னல் வேகத்தில் பதில் சொல்லும், ஆனால் அது பார்ப்பது கசிந்து வரும் நியூட்ரான்களை மட்டும், அருகில் ஒரு ராடு நகர்ந்தாலே அளவு மாறும். நிஜ வெப்ப பவரைக் குளிர்நீரின் வெப்பநிலை வித்தியாசத்திலிருந்தும் ஓட்டத்திலிருந்தும் கணக்கிடலாம், அது நம்பகமானது, ஆனால் பின்தங்கி வரும். ஆகவே வேகத்துக்கு நியூட்ரான் சிக்னல், துல்லியத்துக்கு வெப்ப சிக்னல், இரண்டாவது முதலாவதை மெதுவாகத் திருத்திக்கொண்டே இருக்கும். கோருக்குள் வைக்கும் தானியங்கு மின்னூட்ட டிடெக்டர்களிலும் இதே கதை: கோபால்ட் உடனே சொல்லும், வனேடியம் மிகச் சரியாகச் சொல்லும், ஆனால் அதில் உருவாகும் வனேடியம்-52-ன் அரைஆயுள் 3.7 நிமிடத்துக்கு மேல், அதனால் அதை நேரடியாக லூப்பில் வைக்க முடியாது. மூன்று மூன்றாக வைத்து நடு மதிப்பை எடுப்பது வழக்கம், ஒன்று கெட்டு மேலேயோ கீழேயோ ஓடினாலும் கன்ட்ரோலருக்குத் தெரியவே தெரியாது.

செனான் இல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. பிளவிலிருந்து அயோடின்-135 வருகிறது, அது 6.6 மணி நேர அரைஆயுளில் சிதைந்து செனான்-135 ஆகிறது. அந்தச் செனான் நியூட்ரானை விழுங்குவதில் ராட்சசன், குறுக்குவெட்டு, அதாவது விழுங்கும் வாய்ப்பின் அளவு, 26 லட்சம் பார்ன். ஓடும்போது நியூட்ரான்களே அதை எரித்து அழித்துக்கொண்டிருப்பதால் ஒரு சமநிலை இருக்கும். பவரைக் குறைத்தீர்களா, எரிப்பது குறையும், ஏற்கனவே சேர்ந்திருக்கும் அயோடின் மட்டும் செனானாக மாறிக்கொண்டே இருக்கும், மணிக்கணக்கில் ரியாக்டிவிட்டி இறங்கும். முழு பவரில் ஓடிய கனநீர் ரியாக்டர் டிரிப் ஆனால் (பாதுகாப்புக்காகத் தானாக நின்றுவிட்டால்) அரைமணி நேரத்துக்குள் மறுபடி ஏற்றிவிட வேண்டும், தவறினால் செனான் சிதைந்து வழி விடும்வரை கிட்டத்தட்ட ஒன்றரை நாள் காத்திருக்க வேண்டியதுதான். அந்த அரைமணி நேரத்தில் டிரிப்புக்கான காரணத்தைக் கண்டுபிடித்து உறுதி செய்ய வேண்டும் என்ற அழுத்தம் கன்ட்ரோல் ரூமில் இருப்பவர்கள் மேல் இருக்கிறது. அதனால்தான் டிரிப் வரை போகவிடாமல் பவரைத் தானாகக் குறைத்துக்கொள்ளும் ஸ்டெப்-பேக், செட்-பேக் வசதிகள் வைக்கப்படுகின்றன. எனக்குக் கேட்டால், நல்ல ரெகுலேட்டிங் சிஸ்டத்தின் தரம் இந்த இரண்டிலும்தான் தெரியும்.

பெரிய கோரில் செனான் இன்னொரு தொல்லையும் தரும். இடது பக்கம் பவர் கொஞ்சம் கூடினால் அங்கே செனான் எரிந்து குறையும், குறைந்ததால் இன்னும் கூடும், வலது பக்கம் நேர்மாறாக நடக்கும். சில மணி நேரம் கழித்து இடது பக்கம் சேர்ந்த அயோடின் செனானாகி எல்லாம் தலைகீழாகத் திரும்பும். ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு நாள். பெரிய தோசைக்கல்லில் மொத்தச் சூடு சரியாக இருந்தும் ஒரு ஓரத்தில் மட்டும் மாவு கருகுவதுபோல, மொத்த பவர் மீட்டர் அசையாமல் 100% காட்டிக்கொண்டிருக்கும்போதே ஒரு மூலையில் எரிபொருள் தன் வரம்பைத் தாண்டலாம். 220 மெகாவாட் ரியாக்டரில் 306 எரிபொருள் சேனல்கள்தான், கோர் சிறியது, இந்தப் பிரச்சினை பெரிதாகத் தலை தூக்காது. 540-ல் 392 சேனல்கள், அங்கே மண்டலம் மண்டலமாகப் பிடிக்காமல் முடியாது. 14 அறைகள் வந்தது இதற்காகத்தான். ஒவ்வொரு அறைக்கும் கட்டளை இரண்டு பகுதி: மொத்த பவருக்காக எல்லா அறைக்கும் பொதுவான ஒன்று, அந்த மண்டலம் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதற்கான ஒன்று. ஓடிக்கொண்டே எரிபொருள் மாற்றும் ரியாக்டரில் இதை நேராகவே பார்க்கலாம்: ஒரு சேனலுக்குள் புதிய எரிபொருள் பண்டில்கள் போனதும் அந்த மண்டலத்தின் நீர்மட்டம் மட்டும் மெல்ல ஏறி நின்றுகொள்ளும், மொத்த பவர் கோடு நகராது. ஆபரேட்டர்கள் அந்த 14 மட்டங்களையும் பார்த்தே கோரின் உடல்நிலையைச் சொல்லிவிடுவார்கள். ஓர் அறை நிரம்பிவிடும் நிலைக்கோ காலியாகும் நிலைக்கோ வந்தால் அங்கே இனி அதிகாரம் இல்லை என்று பொருள், அப்போது மண்டலக் கட்டளையைப் படிப்படியாக விலக்கிப் பொதுக் கட்டளைக்கு முன்னுரிமை தர வேண்டும்.

செர்னோபில்லைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், கன்ட்ரோல் இன்ஜினியர் கவனிக்க வேண்டிய நிமிடம் வேறு. 1986 ஏப்ரல் 26, இரவு 12:28. சோதனையை 700 முதல் 1000 மெகாவாட் வெப்ப பவரில் நடத்தத் திட்டம். மண்டல வாரியான தானியங்கி ரெகுலேட்டரிலிருந்து மொத்த பவர் ரெகுலேட்டருக்கு மாற்றும்போது இரண்டுக்கும் இடையே இருந்த ஏற்றத்தாழ்வை உடனே சரிசெய்ய முடியாமல் பவர் 30 மெகாவாட்டுக்கு விழுந்தது. அதன்பிறகு செனான் சேர, அதை ஈடுகட்ட ராடுகளை வெளியே இழுத்து இழுத்து 200 மெகாவாட்டுக்குக் கொண்டு வந்தார்கள். குளிர்நீர் ஆவியானால் பவர் கூடும் தன்மை, உள்ளே இறங்கும்போது முதலில் ரியாக்டிவிட்டியைக் கூட்டிய கிராஃபைட் முனைகள் எல்லாம் அந்த நிலையில்தான் உயிரைக் குடித்தன. ஒரு கன்ட்ரோலரிலிருந்து இன்னொன்றுக்குக் குலுங்காமல் மாறுவது என்பது வகுப்பில் அரைமணி நேரப் பாடம். உங்கள் மாடலில் ஆட்டோவிலிருந்து மேனுவலுக்கும் திரும்பவும் மாற்றிப் பாருங்கள், லாக் கன்ட்ரோலிலிருந்து லீனியர் கன்ட்ரோலுக்கு மாற்றிப் பாருங்கள், பவர் கோட்டில் ஒரு சின்ன வெட்டு தெரிந்தால்கூட விடாதீர்கள்.

ரெகுலேட்டிங் சிஸ்டம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பாதுகாப்புக் கணக்கில் அதற்கு மதிப்பெண் கிடையாது. அது மிக மோசமான நேரத்தில் மிக மோசமான திசையில் கெடும் என்று வைத்துக்கொண்டே ஷட்டவுன் அமைப்புகளை வடிவமைக்கிறோம். தாராப்பூர் 540-ல் அப்படி இரண்டு உண்டு: காட்மியம் ராடுகள் விழுவது ஒன்று, காடோலினியம் நைட்ரேட் கரைசலைக் கனநீருக்குள் செலுத்துவது மற்றொன்று. சென்சார், கேபிள், மின்வழங்கல் எதையும் ரெகுலேட்டிங் சிஸ்டத்தோடு பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது. இது வெறும் எச்சரிக்கையுணர்வு இல்லை. 2004 மார்ச் 10 அன்று குஜராத் காக்ராபாரின் முதல் யூனிட்டில் ரெகுலேட்டிங் சிஸ்டம் செயலிழந்து பவர் தானாக ஏறியது, பாதுகாப்பு அமைப்புதான் ரியாக்டரை நிறுத்தியது. அணு நிகழ்வுகளின் தீவிரத்தைச் சொல்லும் சர்வதேச ஐஎன்இஎஸ் அளவுகோலில் அது 2-ஆம் நிலை நிகழ்வாகப் பதிவானது. நிறுத்தியபிறகும் வேலை முடிவதில்லை, டிரிப் ஆன நொடியில் முழு பவரில் 6 முதல் 7 சதவீத வெப்பம் சிதைவினால் வந்துகொண்டே இருக்கும், அதை எந்த ராடாலும் குறைக்க முடியாது, குளிர்விக்கத்தான் வேண்டும்.

ஃபஸ்ஸி, நியூரல் நெட்வொர்க் பற்றிக் கேட்டீர்கள். மொத்த பவருக்கு அவை தேவையில்லை என்பது என் உறுதியான எண்ணம், அங்கே லாக் பிழையும் வேகப் பிழையும் போதும், ஏன் போதும் என்று ஒரு பக்கத்தில் நிரூபிக்கவும் முடியும். மண்டலக் கட்டுப்பாட்டில் நவீன முறைகளுக்கு நிஜமான இடம் இருக்கிறது: ஒவ்வொரு மண்டலத்துக்கும் பவர், ஒரு தாமதக் குழு, அயோடின், செனான், நீர்மட்டம் என்று ஐந்து வைத்தாலே 14 மண்டலத்துக்கு 70 நிலை மாறிகள், விநாடிக்குள் மாறுவதும் நாள்கணக்கில் மாறுவதும் ஒரே சமன்பாட்டுத் தொகுப்பில். பவாயில் ஐஐடி பம்பாயிலும் ட்ராம்பேயிலும் இதன்மேல் நல்ல வேலை நடந்திருக்கிறது. ஆனால் ரியாக்டருக்குள் போகும் மென்பொருளின் ஒவ்வொரு வரிக்கும் ஏஇஆர்பி (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) முன் பதில் சொல்ல வேண்டும். பயிற்சித் தரவிலிருந்து தானாகக் கற்றுக்கொண்ட ஒரு வலை, இதுவரை பார்க்காத நிலையில் என்ன செய்யும் என்று கேட்டால் உங்களிடம் என்ன பதில் இருக்கும்?

ப்ராஜெக்ட்டை இப்படி மாற்றுங்கள். பாயின்ட் மாடலை விட்டுவிட்டு இரண்டே இரண்டு மண்டலம் எடுங்கள், இடையே நியூட்ரான் பரிமாற்றத்துக்கு ஒரு இணைப்பு, இரண்டிலும் செனான். மண்டலக் கட்டளையை அணைத்து வைத்து, ஒரு பக்கம் சின்னத் தொந்தரவு கொடுத்து, மொத்த பவர் நேர்கோடாக இருக்க உள்ளே ஊஞ்சலாடுவதை 72 மணி நேரம் ஓட்டிக் காட்டுங்கள். அப்புறம் மண்டலக் கட்டளையைப் போட்டு அடக்குங்கள். அதற்கடுத்து ஒவ்வொன்றாகக் கெடுங்கள்: ஒரு சென்சார் பூஜ்யத்தில் நிற்கட்டும், ஒரு வால்வு பாதியில் சிக்கட்டும், கட்டளை உச்சத்தில் மாட்டிக்கொள்ளட்டும். பவர் எங்கே போகிறது, டிரிப் எப்போது வருகிறது என்று ஒரு அட்டவணை போடுங்கள். பயிற்சிப் பள்ளி இன்டர்வியூவில் அடிப்படைகளைத்தான் தோண்டுவார்கள், ஒரு கேள்வியில் பிடித்தால் அதன் அடிவரை போவார்கள். தாமத நியூட்ரானையும் கெயின் ஏன் நூறு மடங்கானது என்பதையும் கையால் எழுதி விளக்கத் தெரிந்திருந்தால் அந்த அட்டவணை உங்களுக்கு நன்றாகவே கைகொடுக்கும். மண்டலங்களுக்கு இடையிலான இணைப்புக் கெழுவை எப்படிக் கணக்கிடுவது என்று தெரியாமல் நின்றால் உங்கள் கோரின் அளவுகளைப் போட்டு இங்கேயே கேளுங்கள், எழுதித் தருகிறேன்.